எலும்பும் உயிருள்ளதே

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் விடுமுறையைப் பற்றியும் நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டோம். அந்தச் சம்பளத்தை உழைத்துச் சம்பாதிக்கும் தேகத்தை உள்ளிருந்து தாங்கும் எலும்புகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். "அது ஆஸ்பத்திரிக்காரர் சங்கதி அல்லவா?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. நம்முடைய சங்கதியும்தான் என்பதை முடிவில் அவரே ஒப்புக்கொள்வார்.

இந்த மேசைமேல் மூன்று கோழிக்கால் எலும்புகள் இருக்கின்றன. ஒன்று, கழுவி வைத்தது. மற்றொன்று, சமையலுக்கு உதவும் காடியில் பல நாள் ஊறியது. மூன்றாவது, அடுப்புத் தணலில் வெந்து வெளுத்தது. காடியில் ஊறியதை வளைத்துப் பாருங்கள். ரப்பர் துண்டைப் போல வளைகிறது, ஒடியவில்லை. அதிலிருந்த சுண்ணச் சத்தைப் புளிப்பு கரைத்துவிட்டது. நார் மட்டும் நிற்கிறது. தணலில் வெந்ததோ உருவம் மாறாமல் இருக்கிறது, விரலால் நசுக்கினால் பொடியாகிவிடுகிறது. அதில் நார் எரிந்துபோய்ச் சுண்ணம் எஞ்சியது. கடினத்துக்குச் சுண்ணம், உறுதிக்கு நார். இரண்டும் கலந்ததே எலும்பு. வீட்டில் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கட்டும். ஆனால் ஸ்டோரில் பாலை உறையவைக்கும் ஆசிட்டைத் தொடக்கூடாது!

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு அதைவிட அதிகம். வளர வளரச் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மண்டையோடு மூளையைக் காக்கிறது, 12 ஜோடி விலா எலும்புகள் இருதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன, தசைகள் இழுக்கக் கை கால் எலும்புகள் நெம்புகோல்போல் அசைகின்றன. இவை பள்ளிப் பாடத்தில் உள்ளவை.

பலரும் அறியாத சேதி வேறு. எலும்பு காய்ந்த கட்டை என்று நினைக்கிறோம். அதற்குள் இரத்தம் ஓடுகிறது. நமது இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் என்ற கணக்கில் எலும்பின் மஜ்ஜையில் பிறக்கின்றன. உடம்பிலுள்ள சுண்ணச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும்தான் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. சாப்பாட்டில் அது குறைந்தால், இரத்தம் எலும்பிலிருந்து கடன் வாங்குகிறது. கடன் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள்.

சுமைக்குத் தக்கபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1892-இல் ஒரு நூலே எழுதினார். விண்வெளியில் பாரமின்றி மிதப்பவர்களுக்கு, பயிற்சி செய்தும்கூட, மாதந்தோறும் இடுப்பெலும்பு தேய்கிறது. டென்னிஸ் ஆட்டக்காரர்களின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மறுகையைவிடத் தடித்திருப்பதையும் அளந்திருக்கிறார்கள். உளி பிடிக்கும் நம் கையை எவரேனும் அளந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது!

ஆனால் எலும்பு தாங்குவதையெல்லாம் அதன் இடையிலுள்ள மெத்தை தாங்காது. முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5 என்று கண்ணிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையே ஜவ்வு வட்டுகள் உண்டு. பகலெல்லாம் அவை நசுங்குவதால், காலைப் பிரட்டில் நின்ற உயரம் மாலையில் நமக்கு இல்லை. ஒரு சென்டிமீட்டர் போல் குறைந்திருப்போம். படுத்து உறங்கினால் மீண்டுவிடும். ஜெர்மனியில் ஒரு மனிதரின் இடுப்பு வட்டுக்குள்ளேயே கருவியை வைத்து அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது, சும்மா நின்றதைப்போல் நான்கு மடங்குக்கும் மேலான அழுத்தம் அங்கே ஏறியது. முழங்காலை மடக்கித் தூக்கியபோது குறைந்தது. முன்னே குனிந்து உட்கார்ந்தாலும் நிற்பதைவிட அழுத்தம் அதிகம். ஆகவே செக்ரோல் எழுதும் கிராணியாரின் முதுகும் நம் முதுகும் உறவுக்காரர்களே.

புதுப் பட்டையில் வெட்டு மார்பளவில் தொடங்குகிறது. ஆண்டுகள் போகப் போக அது தரையை நோக்கி இறங்கும். வெட்டு இறங்க இறங்க நம் முதுகும் இறங்குகிறது. தாழ்ந்த வெட்டில் இடுப்பை மடிக்காமல் முழங்காலை மடிக்கப் பழகுங்கள். காண்டா வாளி தூக்கிய மூத்த தோழர்களுக்குத் தோளின் கதை தெரியும். கையை மார்புக்கூட்டோடு இணைக்கும் எலும்பு காறையெலும்பு ஒன்றே. காண்டா அதன் அருகில்தான் அழுந்திற்று.

இப்போது எல்லோரும் வலக்கைக் கட்டைவிரலை விறைப்பாக நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டருகே, ஒரு சிறு பள்ளம் தெரிகிறதா? அதன் அடியில் முந்திரிப் பருப்பு அளவில் ஓர் எலும்பு உண்டு, படகெலும்பு என்பார்கள். மழை பெய்த மேட்டில் வழுக்கும்போது கையை ஊன்றித்தானே விழுகிறோம்? அப்போது இது விரிசல் விடும். பெரிய வீக்கம் இருக்காது. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து எடுத்தால் தெரியும். இதற்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே வருவதால், கவனிக்காவிட்டால் ஒட்டாமல், ஒரு பாதி செத்தும் போகும்.

நம் தோழர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாளே நிரைக்குப் போனார். எட்டு மாதம் கழித்து உளியை இறுகப் பிடிக்க முடியாமல் சங்கத்துக்கு வந்தார். விழுந்த தேதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பார்த்த சாட்சி ஊர் மாறிப் போய்விட்டார். அந்த வழக்கில் நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் நேர்ந்த விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களும் சொக்சோவில் சேர்ந்திருக்கிறார்கள். நாம் சொன்னால்தானே அவர் அறிவார்? ஆகவே விழுந்த அன்றே சொல்லுங்கள். கிராணிமார்களே, வந்து சொன்னவரின் பெயர், நேரம், நிரை எண், எந்தக் கை என்பதை அப்போதே எழுதுங்கள். "சுளுக்கு" என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்தப் பள்ளத்தை அழுத்தி வலித்தால், எக்ஸ்ரே சரியாக இருந்தாலும், வைத்தியரிடம் மீண்டும் வரவேண்டுமா என்று கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். எலும்புகள் மேசைமேலேயே இருக்கும். பிள்ளைகள் வந்து வளைத்துப் பார்க்கட்டும்.