குரலுக்கு ஒரு பொதுப் பெட்டகம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதை ஒரு முழம்கூட இல்லாத இத்தீவுகளில் இருப்புப்பாதை எழுத்தருக்கு என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். எம் தொழில் கற்பித்த பாடம் ஒன்றைச் சொல்லவே வந்தோம். முற்காலத்தில் பயணப் பதிவேடு அந்தந்த நிலையத்து மேசையிலேயே கிடந்தது. 1985இல் புதுதில்லியில் கணினிப் பதிவு தொடங்கிற்று. 1999இல் நாட்டின் ஐந்து பதிவு மையங்களும் ஒன்றாய் இணைந்தன. ஏடு மையத்தில், சாளரம் எங்கும் என்றாயிற்று.

குரலுக்கும் இம்முறை பொருந்தும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்று பல. அவற்றுள் டிராகன் போன்றவை ஒருவரது ஒலிப்பு, அவர் ஆளும் தனிச்சொற்கள், அவர் செய்த திருத்தங்கள் ஆகியவற்றை ஆளுக்கொரு குரலேடாகச் சேர்த்து வைக்கும். அவ்வேடு ஒரே கணினியில் தங்கிவிட்டால், அடுத்த கணினியில் அமர்பவர் மீண்டும் அரிச்சுவடி தொடங்க வேண்டும். ஆகவே மூல ஏட்டை வலையமைப்பிலுள்ள பொதுப் பெட்டகத்தில் வைப்பர். எக்கணினியில் அமர்ந்தாலும் அதன் படி வந்து சேரும். வேலை முடிந்ததும் புதிய திருத்தங்கள் மூலத்திற்குத் திரும்பும்.

இது நமக்கு எதற்கு? 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை உடன்பாட்டின்படி திரும்பியோருள் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர். அவர்தம் பேச்சில் மலையகச் சொல்லும் இந்திச் சொல்லும் விரவி வரும். அபர்தீன், ரங்கத், மாயாபந்தர் ஆகிய பெயர்களும் பிற ஊர்ப் பேச்சில் பழகிய கணினிக்குப் புதியவை. 2022இல் தொடங்கிய பாஷிணித் திட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுக் குழுவும் தமிழ்ப் பேச்சறி முறைகளை அளித்துள்ளன. ஆயினும் நம் சொற்களை நாமே சேர்த்துத் தந்தாலன்றி அவை பிழையாகவே எழுதும். கண் மங்கிய பாட்டியார் சொல்ல, தமிழ் எழுதக் கல்லாத பேரன் அதைப் பதிய வேண்டாமா?

நம் படிப்பகத்தில் இரு தட்டுகள் கொண்ட சிறு சேமிப்புப் பெட்டகம் ஒன்று போதும். ஒரு தட்டு பழுதானாலும் மற்றொன்று காக்கும். எல்லாக் கணினிகளும் ஒரே முகவரியில் அதனை அணுகல் வேண்டும். ஒருவரது உறையை அவரும் பொறுப்பாளரும் மட்டுமே திறக்கலாம். ஓர் ஏட்டை ஒரே வேளையில் இரு கணினிகளில் திறவாதிருத்தல் நலம். குரலும் ஒருவரது உடைமையே. அவர் இசைவின்றிச் சேர்த்தல் தகாது. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவையே முதன்மையாகக் கேட்கிறது.

2020 ஆகஸ்டு 10 அன்று சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி இயங்கத் தொடங்கியது. அதனால் தொலைவு சுருங்கிற்று. எனினும் கம்பி அறுந்த நாளிலும் வேலை நடக்க மூல ஏடு இங்கேயே இருத்தல் வேண்டும். அதே வேளையில், 2004இல் கச்சாலை விழுங்கிய ஆழிப்பேரலையை மறந்தோமில்லை. ஆதலின் வாரந்தோறும் பூட்டிட்ட படி ஒன்று தாயகக் கரைக்குச் செல்லட்டும்.

பெட்டகம் வாங்குதல் எளிது. அதை நிரப்புதலே அரிது. இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் தம் வீட்டு முதியோர் வழங்கும் சொற்களுள் இருபதையேனும், அவர் இசைவுடன், எழுதித் தருக என வேண்டி அமைகிறோம்.