செவிசாய்க்கச் செய்வோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், மகிழ்ச்சியோடு ஒரு மனக்குறையையும் உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். நாம் வாக்களித்து அனுப்பியவர்களின் செவிக்கு நமது குரல் எட்டாதது ஏன்? எட்டச் செய்யும் வழி யாது?

நம் வட்டாரத்திற்குத் தனித்தொகுதி புதிதன்று. 2006ஆம் ஆண்டுத் தேர்தல் வரை இராசபாளையம் தனித்தொகுதியாக இருந்தது. தொகுதி மறுவரையறைக்குப் பின், 2011 முதல் திருவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆயிற்று. இவ்விரண்டும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே தொகுதி இடம் மாறியது; நம் குடியிருப்புகளின் குறைகளோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதன் வேர் 1932இல் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் போராடிப் பெற்ற தனி வாக்காளர் தொகுதி, அவ்வாண்டு செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தால் கைநழுவியது. மாகாணச் சட்டமன்றங்களில் இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்திற்கு மட்டும் 30. எனினும் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இறுதி வாக்கு எல்லோருக்கும் பொதுவாயிற்று. அதனால் நம்மவர் ஒருவர் வென்றாலும், அவர் நம் வாக்கை மட்டும் நம்பி நிற்க இயலாது. நம்மை எதிர்ப்போரையும் பகைக்க இயலாது. அரசியலமைப்பை வரைந்த அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயிலும், 1954இல் பண்டாராவிலும் தோல்வியுற்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, வாய்மூடி நிற்கும் உறுப்பினரை ஏசுவதனால் மட்டும் பயனில்லை. நமது அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம்.

எங்கள் குடியிருப்பு ஒன்றிலிருந்து மயானத்திற்குச் செல்ல ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடுப்பளவு நீரில் பாடையைத் தூக்கிச் சென்றிருக்கிறோம். பாதை கேட்டு, ஒருவர் பின் ஒருவராக மூன்று உறுப்பினர்களிடம் மனுக் கொடுத்தோம். முதலாமவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இரண்டாமவரின் உதவியாளர் மனுவை வாங்கி வைத்தார். மூன்றாமவர் தேர்தல் முடியட்டும் என்றார். தேர்தல் முடிந்தது; அவரைக் காணவும் முடியவில்லை.

பிறகுதான் எங்கள் தவறும் எங்களுக்கு விளங்கிற்று. மூன்று மனுக்களில் ஒன்றுக்கும் எங்களிடம் நகல் இல்லை, ஒப்புகை இல்லை, நிலத்தின் புல எண்கூட அவற்றில் இல்லை. வாயால் சொன்னோம், அது காற்றோடு போயிற்று.

நமது மாலைப் பாடசாலையில் படித்துப் பட்டம் பெற்ற பெண் ஒருவர், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தார். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. விடையும் வந்தது, கிராம வரைபடத்தில் அங்கே பாதை இருந்தது! பாட்டனார் காலத்திலிருந்து நாம் இரந்து கேட்டது, நமக்கு உரிய பாதையே. அந்தத் தாளோடு சென்றபோது நில அளவர் வந்தார், கல் நட்டார். பாலம் இன்னும் வரவில்லை. ஆயினும் இப்பொழுது நாம் கேட்பது தயவன்று, கணக்கு.

இளைஞர்களே! இத்தகைய கணக்குகள் பல உண்டு. மக்களவை உறுப்பினரின் தொகுதி வளர்ச்சி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 விழுக்காடு, அதாவது 75 இலட்சம், நம் மக்கள் வாழும் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும் என்பது நெறிமுறை. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். சட்டமன்ற, மக்களவை உறுப்பினர்கள் அதில் உறுப்பினர்கள். அக்குழு கூடியதா, நம் உறுப்பினர் வந்தாரா, என்ன பேசினார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அஞ்சவும் வேண்டா. நம் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் பத்து ஆண்டுகள் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் நம்மவர் அமர முடியவில்லை. விடாது கேட்டதன் பயனாக 2006இல் அத்தடை உடைந்தது.

சங்கத்தின் சார்பில் ஒன்று வேண்டுகிறோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் படித்த இருவர் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். மனுக் கொடுத்த நாள், யாரிடம் கொடுத்தோம், என்ன விடை என்று எழுதி வையுங்கள். கிராம சபையில் அதனைப் படியுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடமும் அதனைப் படித்துக் காட்டுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் எழுத்தறிவித்தது இதற்காகத்தான்.