இழப்பு யார் கணக்கில்?

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவுத் தொழிலும் உணவுப் பொருள் வாணிபமும் எதிர்நோக்கும் பொருளாதார இடர்கள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இருவர் எழுந்து தேநீர் அருந்தச் சென்றதைக் கண்டேன். அவர்கள்மீது குறை கூற மாட்டேன். பொருளாதாரம் என்றால் அது நமக்கு அப்பாற்பட்டது என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். ஆகவே நான் நம் ஊர் வெங்காயத்திலிருந்து தொடங்குகிறேன்.

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்றது. செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர்ப் பக்கம் சென்றால் வயலோரங்களில் கூரை வேய்ந்த வெங்காயப் பட்டறைகளைக் காணலாம். இப்பயிருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நெல்லுக்கு விதை மிகக் குறைவாகவே வேண்டும். சின்ன வெங்காயத்திற்கோ காயே விதை. ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோ காய் ஊன்ற வேண்டும். அதனால் விதையின் விலை அன்றைய சந்தை விலையைத் தொடர்ந்தே ஏறி இறங்குகிறது. கிலோ 80 ரூபாய் விற்கும் பருவத்தில் ஊன்றுகிறவன் விதைக்கு மட்டும் 48,000 ரூபாய் செலவிடுகிறான். அந்த விலையைப் பார்த்து ஊரே ஊன்றுகிறது. எழுபது, எண்பது நாள் கழித்து எல்லாருடைய காயும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வருகிறது. விலை 15 ரூபாயாகிறது. உயர்ந்த விலைக்கு வாங்கி ஊன்றித் தாழ்ந்த விலைக்கு விற்பதே இப்பயிரின் தலைவிதியோ என்று தோன்றும். இதனிடையே கார்த்திகை மழையில் திருகல் நோய் வந்தால் விற்பதற்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பட்டறையில் வைத்துக் காத்திருந்து விற்கலாமே என்பர். காத்திருப்பதற்கும் முதல் வேண்டும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வட்டிக்கு வாங்கி ஊன்றியவனால் பட்டறைக் கதவை மூடிவைத்துவிட்டு உறங்க இயலாது. கடன் கொடுத்தவரே பல வேளைகளில் காயை எடுப்பவராகவும் இருக்கிறார்.

இனி, இவ்வூர் வெங்காயத்தின் விலை இவ்வூரில் முடிவாவதில்லை. இது இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் சரக்கு. வடநாட்டில் பெரிய வெங்காயத்தின் விலை ஏறும்போதெல்லாம் தில்லியில் ஆணை பிறக்கும். 2020 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தார்கள். 2021 சனவரியில்தான் விலக்கினார்கள். 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள். அது போதாதென்று டிசம்பரில் அடியோடு தடுத்தார்கள். 2024 மே மாதம் தடை நீங்கியது, ஆனால் வரி இருந்தது. அவ்வரி பாதியாகக் குறைந்து, 2025 ஏப்ரல் முதல் நாளன்றுதான் முற்றிலும் எடுக்கப்பட்டது. பெரிய வெங்காயத்திற்காகப் போட்ட பூட்டில் எங்கள் சின்ன வெங்காயமும் சிக்கிக்கொள்கிறது, இதற்குத் தனிக் குறியீடு கொடுங்கள் என்று தமிழக உழவர்கள் முறையிட்டு வந்தனர். நகரத்தில் உண்பவனுக்கு விலை குறைய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் மக்களிலும் பலர் வாங்கி உண்பவர்களே. ஆனால் அந்த விலைக்குறைப்பின் செலவை அரசு தன் கருவூலத்திலிருந்து கொடுக்கவில்லை. பயிரிட்டவன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். இலங்கை அரசு 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்தது. அங்கே விளைச்சல் சரிந்தது. 2022 இல் அந்நாட்டில் அந்நியச் செலாவணியே வற்றிப்போனது. அங்கு வாங்குபவன் கையில் பணமில்லை என்றால் இங்கு விற்பவன் காய் தேங்குகிறது. அதே 2022 இல் உக்ரைனில் போர் மூண்டது. உர விலை உலகெங்கும் ஏறியது. நாம் இடும் பொட்டாஷ் முழுவதும் வெளிநாட்டுச் சரக்கு. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்தது. நம் தெருக்களில் தாளிக்கும் எண்ணெய் அதுதான். சில வாரங்களில் விலக்கிக்கொண்டார்கள் என்பது வேறு. அவர்கள் செய்தபோது நமக்குக் கோபம் வந்தது. நம் வெங்காயத்தை எதிர்பார்த்திருந்த பினாங்கு வீட்டுக்காரிக்கும் அதே கோபம் வந்திருக்கும்.

இவ்வளவும் எந்த வேளாண்மைக் கூட்டத்திலும் கேட்கக் கூடியவையே. நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. மேலே உள்ளவன் தன் இழப்பைத் தனக்குக் கீழுள்ளவனிடம் தள்ளுகிறான். ஏற்றுமதியாளர் மண்டிக்காரரிடம், மண்டிக்காரர் நிலக்காரரிடம், நிலக்காரர் குத்தகைக்காரனிடமும் கூலியாளிடமும் தள்ளுகிறார்கள். கூலியாள் எவரிடம் தள்ளுவது? 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் இனத்தார். இவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரவர் தெருவில் எண்ணிப் பார்க்கலாம்.

வெங்காயம் ஊன்றுவதும், களை எடுப்பதும், பிடுங்குவதும், தாளை அறுத்துக் காயைப் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. விலை வீழ்ந்தால் நிலக்காரர் என்ன செய்கிறார்? பிடுங்கும் கூலிக்குக்கூடக் கட்டாது என்று காயை மண்ணிலேயே விட்டு, மேலே ஏர் ஓட்டி விடுகிறார். நாளிதழில் அவருடைய படம் வருகிறது. வரவேண்டியதுதான், அவரும் அழிந்தார். ஆனால் அந்த வயலில் இருபது பெண்களுக்குப் பத்து நாள் வேலை போயிற்றே, அதை எவரும் எழுதுவதில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது இழப்பாக ஏறுவதில்லை. விலை ஏறிய பருவத்தில் கூலி அதே அளவு ஏறுகிறதா என்றால் அதுவும் இல்லை. என் தாயார் களத்தில் நாள் முழுதும் காய் பிரித்துவிட்டு, மாலையில் முந்தானையில் பொடிக்காய் சிறிது கொண்டு வருவார். விலை ஏறிய ஆண்டுகளில் அந்தப் பொடிக்காயையும் எண்ணித்தான் கொடுத்தார்கள். கையெல்லாம் வெங்காய வாடை வீச, வெங்காயம் இல்லாத குழம்பை வைத்தார்.

முன்பு நம் பகுதி மானாவாரிக் கரிசலில் சோளமும் கம்பும் வரகும் விளைந்தன. கூலியும் தானியமாகவே கிடைத்தது. அது பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தானியத்தை எந்த அளவில் அளந்தார்கள் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். ஆயினும் விளைந்தது வயிற்றுக்கு ஆகும் பொருள். இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் அதே கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. மக்காச்சோளம் நாமக்கல் கோழித் தீவனத்திற்குச் செல்கிறது. நம் உலையில் வேகும் அரிசியோ நியாயவிலைக் கடையிலிருந்து வருகிறது. 1997 இல் மைய அரசு ஏழை, ஏழையல்லாதார் எனக் குடும்ப அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அனைவருக்கும் வழங்கும் முறையை விடவில்லை. 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இந்த ஒன்று இல்லாதிருந்தால் நான் மேலே சொன்ன ஒவ்வொரு விலைச் சரிவும் நம் வீடுகளில் பட்டினியாக வந்து இறங்கியிருக்கும். இலவசம் என்று ஏளனம் செய்வோருக்கு இளைஞர்கள் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மக்காச்சோளத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. 2018 இல் அமெரிக்கப் படைப்புழு இந்நாட்டில் முதன்முறையாகப் புகுந்தது. அவ்வாண்டே நம் இரு மாவட்டங்களின் மக்காச்சோளக் குருத்தையும் தின்று தீர்த்தது. அரசு இழப்பீடு அறிவித்தது. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அப்போது மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் விதைத்திருந்தார். உழவு, விதை, உரம், மருந்து எல்லாம் அவர் செலவு. பணமோ நிலக்காரர் கணக்கில் சேர்ந்தது. ஏனெனில் பட்டாவும் அடங்கலும் அவர் பெயரில் இருந்தன. நிலக்காரர் நல்லவர், அழைத்துப் பாதியைக் கொடுத்தார். அண்ணன் அதை இன்றும் நன்றியோடு சொல்லுவார். நான் அவரிடம் சொன்னேன்: அண்ணா, அவர் நல்லவராக இருந்ததால் பாதி கிடைத்தது, உமக்கு உரிமை இருந்து கிடைக்கவில்லையே.

பயிர்க் காப்பீட்டிலும் இதே முட்டுக்கட்டைதான். 2016 இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைக்காரனும் வாரதாரனும் சேரலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. பருத்தி, வெங்காயம் போன்றவற்றிற்குக் காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு வரை உழவர் கட்ட வேண்டும். ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அடங்கல் ஏது? இன்னொன்றையும் கவனியுங்கள். அக்காப்பீடு விளைச்சல் குறைவுக்கே உரியது. நன்றாக விளைந்து விலை வீழ்ந்தால் அதில் ஒரு காசும் வாராது. நம் வெங்காயக்காரனைக் கொல்வது பல வேளைகளில் அந்த நல்ல விளைச்சல்தான்.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 1955 இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969 இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கான சட்டமும் வந்தன. பதிவு செய்யக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற அச்சம்தான் நம்மவர்களை வட்டாட்சியர் அலுவலகத்தின் படியேற விடாமல் தடுக்கிறது. அச்சம் பொய்யென்று நான் சொல்லப் போவதில்லை. தனியாகப் போனால் அது மெய். ஓர் ஊரின் குத்தகைக்காரர் அனைவரும் ஒரே நாளில் மனுக் கொடுத்தால் அத்தனை பேரையும் வெளியேற்றி விட்டு எவரை வைத்து உழுவார்கள்?

அண்ணல் அம்பேத்கர் 1918 இல் இந்தியாவின் சிறு நிலவுடைமை குறித்து ஒரு கட்டுரை எழுதினார். நிலம் சிறிதாயிருப்பதே குற்றம் என்று அந்நாளில் அறிஞர் பலர் கூறி வந்தனர். அவரோ, நிலத்தின் அளவை மட்டும் பார்க்காதீர்கள், அதன்மேல் இடும் முதலும் கருவியும் போதுமா என்று பாருங்கள் என்றார். நிலத்தை மட்டுமே நம்பி அளவுக்கு மீறிய மக்கள் நிற்பதைத் தொழில் வளர்ச்சியால் குறைக்க வேண்டும் என்றார். அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் எழுந்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பெருகியிருக்கின்றன. நிலத்தின் சுமை குறைந்ததா, நிலமே குறைந்ததா என்பதை அவ்வூர் இளைஞர்கள் ஆராய்ந்து எழுதினால் இக்கழகத்தின் அடுத்த மலருக்கு அது நல்ல கட்டுரையாகும்.

நிலம் என்றவுடன் 1892 ஆம் ஆண்டு ஆணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை நினைக்கிறோம். அவை கைமாறிப்போன கதையைப் பேச இன்னொரு கூட்டம் வேண்டும். இன்று வாங்குவதற்கும் ஒரு வாயில் இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் கூலியாளர்கள் நிலம் வாங்குவதற்காகத் தாட்கோ வழியாக 2023 இல் நன்னிலம் என்ற திட்டம் வந்தது. விலையில் பாதி, 5 லட்ச ரூபாய் வரை மானியம். விற்பதற்கு ஒருவர் முன்வர வேண்டும், அதுவும் நமக்கு விற்க முன்வர வேண்டும் என்பது அத்திட்டத் தாளில் எழுதப்படாத நிபந்தனை. எனினும் விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

படித்த பிள்ளைகளிடம் நான் கேட்பது சிறிது. உங்கள் தெருவில் குத்தகைக்குப் பயிரிடுவோர் எத்தனை பேர், எந்தப் புல எண், எத்தனை ஆண்டாக, எவ்வளவு குத்தகை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வெங்காய வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இப்பருவத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை நாள் இல்லாமற் போனது என்பதையும் அதில் எழுதுங்கள். கழகக் கட்டடத்தில் அக்குறிப்பேடுகளை வைத்துக்கொள்ளச் செயலாளர் இசைந்திருக்கிறார்.

என் அண்ணனிடமிருந்தே தொடங்கலாம் என்று சென்ற மாதம் மனுவை நானே எழுதி எடுத்துச் சென்றேன். படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை கேட்டார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அறுவடை முடியட்டும் தம்பி என்றார். அதே நிலம்தான், இவ்வாண்டும் மக்காச்சோளம்தான், வாய்ப்பேச்சுக் குத்தகைதான். மனு இன்னும் அவர் பையில் இருக்கிறது. அறுவடை முடிந்தவுடன் மறுபடியும் போவேன்.