வந்த வழியே திரும்பிப் போ!

(திருவொற்றியூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆஸ்திரேலிய நாட்டிலே எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி, 2011ஆம் ஆண்டில் ஒரு தொடரை ஒளிபரப்பிற்று. 'வந்த இடத்துக்கே திரும்பிப் போ' என்பது அதன் தலைப்பு! அகதிகள் பற்றி மாறுபட்ட கருத்துடைய ஆறு பேரை அழைத்து, அகதிகள் வந்த பாதையிலேயே பின்னோக்கி 25 நாள் பயணம் அனுப்பினர்.

நாமும் ஒரு பயணம் செல்வோமா? கடல் கடக்க வேண்டாம். துறைமுகத்தில் தொடங்கிக் கும்மிடிப்பூண்டியில் முடிப்போம். "வந்தவர்க்கெல்லாம் வாசல் திறந்தால், என் பிள்ளைக்கு வேலை ஏது?" என்று கேட்கிறாரே, அந்த நண்பரையும் உடன் அழைத்து வாருங்கள். அவர் கயவரல்லர், எண்ணூர் ஆலைவாயிலில் ஒப்பந்தக் கூலிக்குக் காத்திருப்பவர். அவர் அச்சம் பசியிலே பிறந்தது.

இதோ, பர்மா பஜார்! 1962இல் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிலும் கடையும் அரசுடைமையாயின. உழைத்துச் சேர்த்ததை இழந்த தமிழர், கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். "தாயகம் திரும்பியோர்" என்றது அரசு. குடியிருக்க இடம் தந்தது. வியாசர்பாடியிலே குடியமர்ந்தனர். அவர்களால் வடசென்னை அழிந்தா போயிற்று? அவர்கள் கொணர்ந்த அத்தோவை, நண்பரே, நீரும் நானும் உண்கிறோம்!

வடக்கே நடப்போம். கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம். 1983 ஜூலைப் படுகொலைக்குப் பின் தமிழகம் வந்தோருக்கு அமைந்த முகாம்கள் பலவற்றுள் ஒன்று. அவ்வாறு வந்தோரில் மலையகத் தமிழரும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை அவர்களை நாடற்றவராக்கிற்று. "கள்ளத்தோணி" என்று ஏசிற்று. உயிர் பிழைக்க இங்கு வந்தனர். இங்கே சட்டம் சூட்டிய பெயர் என்ன? "சட்டவிரோதக் குடியேறி"! அங்கே கள்ளத்தோணி, இங்கே சட்டவிரோதி. எங்கேதான் அவன் மனிதன்?

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தானை எண்ணிற்று, வங்கதேசத்தை எண்ணிற்று, ஆப்கானிஸ்தானை எண்ணிற்று, இலங்கையை மறந்தது! 2025இல் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையினின்று விலக்களித்தது. நன்று. ஆனால், தண்டியாதிருப்பது வேறு; குடிமகனாய் ஏற்பது வேறு.

வேலை பற்றிக் கேட்ட நண்பரே! உரிமையற்றவனைத்தான் முதலாளி அடிமாட்டுக் கூலிக்கு அமர்த்துகிறான். அந்தக் கூலியே உம் பிள்ளையின் கூலியையும் இறக்குகிறது. அவனுக்குக் குடியுரிமை கிட்டட்டும். சங்கத்திலே உம்மருகில் நின்று, உம்மோடு கூலி உயர்வு கேட்பான்!

2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி எனில், இம்மண்ணில் பிறந்த மகவுக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. அந்தப் பிள்ளை எந்தப் படகிலும் ஏறவில்லை. எந்த எல்லையையும் தாண்டவில்லை.

வந்த வழியே திரும்பிப் போ என்கிறீரே, இங்கே பிறந்தவன் எந்த வழியே திரும்புவான்?

சட்டம் திருந்தும்வரை இதை ஊர்தோறும் கேளுங்கள், தோழர்களே!