அரும்பொருட் காட்சியும் நம் வீட்டு ஓலைப்பெட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் நிறைந்த இவ்விழா நாளில், பழம்பொருட் காட்சிகளைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்துள்ளனர். யாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடும் எண்ணும் பார்த்து வருகின்றோம். ஆயினும், விடுமுறை நாட்களில் திருவனந்தபுரத்துக் காட்சிச் சாலைகளைக் கண்டு திரும்பும் வழக்கம் எமக்கு உண்டு. அங்குக் கண்டவற்றுள் நமக்கு உரியவை எவை என்பதை மட்டும் கூற விழைகின்றோம்.

திருவனந்தபுரத்தில் காட்சிச் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது 1857-ஆம் ஆண்டில். இன்று நாம் காணும் வண்ணமிகு கட்டடம் சிசோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் வரைந்தது, 1880-இல் நிறைவெய்தியது. சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பெருமகனார் பெயரால் அது வழங்குகிறது. செப்புத் திருமேனிகளும் மரச் சிற்பங்களும் அங்கே உள்ளன. நம்மவர் பலர் விலங்குக் காட்சிச் சாலையைப் பார்க்கச் சென்று, குழந்தைகளுக்குக் குரங்கையும் புலியையும் காட்டிவிட்டு, அருகேயுள்ள இக்கட்டடத்தில் நுழையாமலே பேருந்து ஏறிவிடுகின்றனர். இனியேனும் அரைமணி நேரம் அங்கும் செலவிட வேண்டுகின்றோம்.

அதனினும் நமக்கு நெருங்கியது கோட்டைப் பகுதியில், ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் திறக்கப்பெற்ற ஓலைச்சுவடிக் காட்சியகம். எழுத்தின் வரலாறு, நிலமும் மக்களும், ஆட்சி, போரும் அமைதியும், கல்வியும் மருத்துவமும், கலையும் இலக்கியமும் எனப் பொருள்வாரியாக அறைகள் வகுத்துள்ளனர். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களும், 1741-இல் டச்சுக்காரரை மார்த்தாண்டவர்மர் வென்ற குளச்சல் போர் பற்றிய ஓலைகளும் அங்குண்டு. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பல எழுத்துகளை ஒருங்கே அங்குக் காணலாம். தமிழறிந்த ஒருவர் அவ்வோலைகளின் முன் நின்றால், எழுத்து அயலாகத் தோன்றினும், யாரேனும் படித்துக் காட்டும்போது சொற்கள் பல பழகிய சொற்களாகவே காதில் விழும். அந்த ஓலைகள் இரு மொழியாருக்கும் பாட்டன் தேடிய சொத்து. அதில் இவர் பங்கு, அவர் பங்கு என்று வழக்காட இடமில்லை.

இன்னொன்று கூறுவோம். நெய்யாறு கடலிற் கலக்கும் இந்தப் பொழிமுகத்திலிருந்து தென்கிழக்கே அதிகத் தொலைவில்லை முன்சிறை. அதன் அருகே பார்த்திவபுரம் என்னும் ஊர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 866-இல், அங்கே திருமால் கோயிலும் சாலையும் அமைத்தான். சாலை என்பது அந்நாளில் கல்விக்கூடம். 95 மாணவர் அங்குத் தங்கிப் பயில ஏற்பாடு செய்தான்; சண்டையிடுவோருக்குத் தண்டமும் விதித்தான். இவையெல்லாம் செப்பேட்டில் வட்டெழுத்தில் தமிழில் உள்ளன. அச்செப்பேட்டைத் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையிலிருந்த கோபிநாதராயர் பதிப்பித்து உலகறியச் செய்தார். நம் வாசலுக்கு எதிரே நடந்த செய்தியை நாம் அறிவதற்கு, அவர் போன்றோர் கண்ணை வருத்திப் படிக்க வேண்டியிருந்தது!

எம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிப்பம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், முகவரிச் சீட்டுக் கிழிந்துவிட்டால் அது உரியவர் கைக்குச் சேராது, கிடங்கில் கிடக்கும், பின்னர் ஏலத்திற்குப் போகும். பழம்பொருளும் அத்தகையதே. எவர் செய்தது, எங்கிருந்தது, எந்நாளில் வழங்கியது என்னும் சீட்டு இல்லையேல் அது வெறும் செம்பு, வெறும் மரம், வெறும் ஓலை. காட்சிச் சாலை செய்யும் தலையாய தொண்டு, பொருளைக் கண்ணாடிக்குள் வைப்பதன்று. அந்தச் சீட்டைக் காப்பது.

எல்லைகள் மாறும்; பொருள்கள் மாறுவதில்லை. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் வீடு ஒரு மாநிலம், தங்கை வீடு மற்றொரு மாநிலம் என்றாயிற்று. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். அது நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். காப்பது கேரள அரசின் தொல்பொருள் துறை. உதயகிரிக் கோட்டையில் டிலனாய் என்னும் படைத்தலைவரின் கல்லறை உள்ளது. குளச்சலில் சிறைப்பட்டு, பின் வேணாட்டுப் படையைப் பயிற்றி, 1777-இல் மறைந்தவர் அவர். அக்கல்லறையில் இலத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பியர் ஒருவருக்கு மலையாள மன்னர் நாட்டில் தமிழில் கல்வெட்டு! அந்நாளில் மொழிகள் ஒன்றையொன்று கண்டு அஞ்சவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நம் குடியிருப்பில் ஒரு வீட்டை இடித்துக் கட்டியபோது, மச்சிலிருந்த ஓலைக்கட்டு ஒன்று, ‘படிக்க ஆளில்லை’ என்னும் காரணத்தால் அடுப்பிற்குப் போயிற்று. அது நிலப்பத்திரமோ, வைத்திய ஏடோ, ஒரு பாட்டனாரின் கணக்கோ, இனி எவரும் அறியார். இவ்விழப்பு நம்மை வருத்த வேண்டும். ஏனெனில் குற்றம் ஓலையில் இல்லை. படிக்க ஆளில்லாமற் போனதிலேதான் உள்ளது. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்கின்றனர், நன்று, நன்றாகவே கற்கட்டும். தமிழையும் எழுதப் படிக்க அறிந்தால், இரண்டு சாவியும் கையிலிருக்கும். ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டன் பெட்டியைத் திறக்க இயலாது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம்.

முதலாவது, அடுத்த ஆண்டு விழாவில் ஒரு சிறு காட்சி அமைப்போம். நாழி, இடங்கழி, பறை முதலிய அளவைகள், சக்கரம், பணம் முதலிய பழங்காசுகள், அஞ்சல் முத்திரை விழுந்த கடிதங்கள் ஆகியவை நம் வீடுகளில் இன்னும் உள்ளன. நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பதைப் பிள்ளைகள் காசைக் கண்டே கற்கட்டும். ஒவ்வொன்றிலும் உரிமையாளர் கூறும் செய்தியை எழுதிய சீட்டு இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஓலையும் பழந்தாளும் உடையோர் அவற்றை எரிக்கவும் விற்கவும் வேண்டா. ஒட்டுநாடா ஒட்ட வேண்டா. ஈரமும் கரையானும் வெயிலும் அணுகாமல் வைத்து, ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் மெல்லத் தடவினால் பூச்சி அண்டாது. பத்திரத்தில் கொல்லம் ஆண்டு கண்டால் 825-ஐக் கூட்டிக்கொள்க. ஆங்கில ஆண்டு ஏறக்குறையக் கிடைக்கும். கொல்லம் 1080 என்றால் 1904, 1905 என அறியலாம்.

மூன்றாவது, ஞாயிறு தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புக. வகுப்பிற்கு வருவோரை ஆண்டிற்கொரு முறை ஓலைச்சுவடிக் காட்சியகத்திற்கும் பத்மநாபபுரத்திற்கும் சங்கமே அழைத்துச் செல்லட்டும்.

பெரியோர்களே! அரசு காக்கும் பொருளை அரசு காக்கும். நம் மச்சிலிருப்பதை நாமே காக்க வேண்டும். அடுத்த ஆண்டு இதே பந்தலில், ஒரு சிறுமி தன் பாட்டனார் ஓலையின் அருகே நின்று, அதிலுள்ள முதல் வரியைப் பிழையின்றிப் படித்துக் காட்டுவாளாயின், நம் சங்கம் எடுத்த விழாக்களுள் அதுவே சிறந்த விழா.