பேரிளம்பெண்ணுக்குப் பின்



நமது பழைய பாட்டியல் ஆசிரியர்கள் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. உலா இலக்கியம் படித்தவர்கள் இவ்வேழு பெயர்களையும் நன்கறிவர். பேரிளம்பெண் என்னும் கடைசிப் பருவம் 40 வயதோடு முடிவடைகின்றது. அதற்குப் பின் வரும் பருவத்துக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

நமது வீட்டு வழக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றது. ஒரு சிறுமி பூப்பெய்தினால் ஊரையே அழைத்துச் சாமத்தியச் சடங்கு செய்கின்றோம். தாய்மாமன் வந்து நிற்கின்றார்; மாமிமார் ஆலாத்தி எடுக்கின்றார்கள்; பந்தலிலே படம் பிடிக்கின்றோம். அதே பெண்ணுக்கு முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மாதவிடாய் நிற்கும்போது, அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூட அது தெரிவதில்லை. தொடக்கத்துக்கு மேளதாளம், முடிவுக்கு மௌனம். அந்த மௌனத்தினால் நம் பெண்கள் படும் துன்பத்தைப் பற்றியும், அதனை நீக்கும் வழிகளைப் பற்றியுமே இன்று பேச விரும்புகின்றேன்.

சில காலத்துக்கு முன்பு ஆசிரியை ஒருவர் என்னிடம் வைத்தியம் கேட்டு வந்தார். வயது 49. "எனக்கு மூளை கலங்கப் போகின்றதோ என்று பயமாக இருக்கின்றது, டொக்டர்" என்றார். இரவில் இரண்டு மூன்று முறை வியர்வையில் நனைந்து விழிப்பதாகவும், பின்பு உறக்கம் வராமல் விறாந்தையிலே போய் இருப்பதாகவும் சொன்னார். பகலில் வகுப்பறையிலே தெரிந்த பிள்ளைகளின் பெயர்கள் நினைவுக்கு வருவதில்லை. அற்ப காரியத்துக்கெல்லாம் கோபம் வருகின்றது. நெஞ்சு படபடப்பதனால் இருதய நோய் என்று எண்ணி மருந்துக்கடையிலே தாமாகவே மாத்திரை வாங்கியிருந்தார். கோயிலிலே நூலும் கட்டியிருந்தார். "மாதவிடாய் எப்படி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "அது இப்போது ஒழுங்கில்லை, டொக்டர். ஆனால் நான் அதற்காக வரவில்லையே" என்றார்.

அவர் எதற்காக வந்தாரோ, அதற்குக் காரணமே அதுதான். படித்துப் பிறருக்குப் படிப்பிக்கும் ஒருவருக்கே இது தெரிந்திருக்கவில்லை என்றால், குறை அவருடையதன்று. அவருக்கு ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

இதன் இயல்பை முதலில் விளங்கிக் கொள்வோம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சூலகங்களிலும் 10 முதல் 20 இலட்சம் வரையான சூல் முட்டைகள் அமைந்திருக்கின்றன. புதிதாக முட்டைகள் பின்னர் உண்டாவதில்லை. உள்ளவை நாளடைவிற் குறைந்துகொண்டே போகும். பூப்பெய்தும் வயதில் மூன்று அல்லது நான்கு இலட்சமே எஞ்சும். அவற்றுள்ளும் முதிர்ந்து வெளிவருபவை ஏறத்தாழ 400 அல்லது 500 மட்டுமே. இந்தச் சேமிப்புத் தீரும் தறுவாயில், சூலகம் இதுவரை சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் முதலில் ஏறியிறங்கித் தடுமாறுகின்றது. பின்னர் மிகவும் குறைந்துவிடுகின்றது. மாதவிடாய் ஒழுங்கு தவறும் இவ்விடைக்காலம் சில ஆண்டுகள் நீடிக்கலாம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்கின்றனர். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கின்றது. 40 வயதுக்கு முன்னர் நின்றால் அது இயல்பன்று. கட்டாயம் வைத்தியரைக் காணவேண்டும். சத்திரசிகிச்சையிலே சூலகங்கள் இரண்டும் அகற்றப்பட்டவர்களுக்கு இம்மாற்றம் ஒரே நாளில் வந்துவிடுவதால் துன்பமும் கடுமையாக இருக்கும்.

இந்த மாற்றம் ஒரு நோயன்று. ஆயினும், நோயன்று என்பதனால் அதன் துன்பத்தைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக் கொள்ளவேண்டும் என்பதில்லை. மகப்பேறும் நோயன்று, ஆனால் பிரசவ வேதனையில் இருப்பவளை நாம் தனியே விட்டுவிடுவதில்லை அல்லவா?

துன்பங்களுள் முதன்மையானது திடீர் வெப்பம். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறுகின்றது, வியர்க்கின்றது, இதயம் படபடக்கின்றது, சில நிமிடங்களில் தணிந்து, சிலவேளை குளிர் நடுக்கமும் வருகின்றது. நால்வரில் மூவர் வரை இதனை அனுபவிக்கின்றனர். நமது மூளையின் அடிப்பகுதியில் உடலின் வெப்பநிலையைக் காவல் செய்யும் சிறியதோர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தக் காவலாளி மிகவும் பதற்றம் உடையவனாகி விடுகின்றான். உடல் வெப்பம் இம்மியளவு கூடினாலும், பெரிய வெப்பம் வந்துவிட்டது என்று எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைப் பெருக்கி உடலைக் குளிரச் செய்ய முனைகின்றான். இதுவே நாம் உணரும் அனல். அமெரிக்காவில் பல்லாண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, இத்தொல்லையை அடிக்கடி அனுபவித்தவர்களுக்கு அது நீடித்த இடைநிலைக் காலம் ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. "ஒரு மாதத்திற் போய்விடும்" என்று சொல்லி ஏமாற்றுவதிற் பயனில்லை.

இரவிலே அனல் எழும்பினால் உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் மறதியும் கோபமும் மனச்சோர்வும் தாமே வரும். நான் சொன்ன ஆசிரியையின் கதை இதுவே. ஆனால் எல்லாவற்றையும் இதன் தலையிலே சுமத்திவிடவும் கூடாது. தைரொயிட் சுரப்பியின் கோளாறும், இரத்தச் சோகையும், மெய்யான இருதய நோயும் இதே குறிகளைக் காட்டக்கூடும். ஆகையால் ஒருமுறை பரிசோதித்துக் கொள்வது அவசியம்.

வெளியிலே சொல்லக் கூசும் துன்பமும் உண்டு. பிறப்புறுப்பிலே வறட்சியும் எரிச்சலும் உண்டாகின்றன. இல்லற உறவு வேதனை தருகின்றது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகின்றது. கணவனுக்கு மனைவி தன்னை வெறுக்கின்றாள் என்ற ஐயம். மனைவிக்கோ காரணத்தைச் சொல்ல வாய் வருவதில்லை. இதற்கு அவ்விடத்தில் மட்டும் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பயனைத் தருகின்றது. இதையும் வைத்தியரிடம் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி, வீட்டிலே நாமே செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம். மெல்லிய பருத்தி ஆடை அணியுங்கள். படுக்குமிடம் காற்றோட்டமாக இருக்கட்டும். இரவு நேரத்தில் சூடான தேநீர், கோப்பி, கடுமையான உறைப்பு ஆகியவை அனலைத் தூண்டுகின்றனவா என்று கவனியுங்கள், தூண்டினால் குறையுங்கள். உடற்பருமன் மிகுந்தவர்கள் எடையைக் குறைத்தால் அனலும் குறையக் காண்பார்கள். ஒரு கொப்பி எடுத்து, மாதவிடாய் வந்த திகதி, அனல் எழும்பிய நேரம், உறங்கிய மணித்தியாலங்கள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். மாதவிடாய் ஒழுங்கு தவறியவுடனே கருத்தரிக்க மாட்டோம் என்று எண்ணுவதும் தவறு. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டும், அதற்குக் குறைந்தவர்கள் ஈராண்டும் கருத்தடையைக் கைவிடலாகாது.

எலும்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஈஸ்ட்ரோஜன் எலும்பையும் காத்து வந்தது. அது குறைந்த பின், முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பின் திணிவில் நூற்றுக்கு 20 பங்கு வரை இழக்கக்கூடும். இவ்விழப்பு வலியைத் தருவதில்லை. எழுபது வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போதுதான் தெரியவரும். எனவே இக்காலத்திலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 மில்லிகிராம் கல்சியம் உடலுக்கு வேண்டும். பாலும் தயிரும் மட்டுமல்ல, முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு ஆகியனவும் அதனைத் தருகின்றன. குரக்கன் பிட்டை ஏழைகளின் உணவென்று ஒதுக்கியவர்கள் மறுபடியும் அடுப்பேற்றலாம். வெயில் முகத்திலும் கையிலும் படட்டும். நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடவுங்கள். வீட்டுவேலை செய்கின்றோமே, அது போதாதா என்பீர்கள். நின்ற இடத்தில் நின்று சமைப்பது நடையாகாது. இருதயமும் இந்த நடையினால் நன்மை பெறும். ஏனெனில் மாதவிடாய் நின்ற பின் இரத்தத்திலே தீய கொழுப்பும் கூடத் தொடங்குகின்றது.

இவற்றால் தீராத துன்பத்துக்கு மருந்து உண்டா? உண்டு. ஓமோன் சிகிச்சையின் வரலாறு ஏற்றமும் இறக்கமும் நிறைந்தது. 1942இல் அமெரிக்காவிலே கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1966இல் அந்நாட்டு வைத்தியர் ஒருவர் எழுதிய நூல், இம்மருந்து பெண்ணை என்றும் இளமையோடு வைத்திருக்கும் என்று ஆசை காட்டியது. 1975இல், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொண்டால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் கூடுகின்றது என்று தெரியவந்தது. அதன் பின் கருப்பை உள்ளவர்களுக்கு இன்னுமோர் ஓமோனையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. 2002இல் 16,000க்கும் அதிகமான பெண்கள் பங்குபற்றிய பெரும் ஆய்வொன்று இடைநடுவில் நிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோய் கூடியதாக உலகெங்கும் செய்தி பரவியது. பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். வைத்தியர்களும் எழுதிக்கொடுக்க அஞ்சினார்கள்.

ஆறுதலாக அந்தக் கணக்கைப் பார்த்தபோது உண்மை விளங்கியது. ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. ஓராண்டிலே 10,000 பெண்களுக்கு எட்டுப் பேர் மேலதிகமாக மார்புப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். 60 வயதுக்கு உட்பட்டவர்களும், மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாதவர்களும் கடுமையான அனலுக்காக இச்சிகிச்சையைப் பெற்றால், பெரும்பாலானோருக்கு நன்மை தீமையை மிஞ்சும் என்பதே இன்றைய வைத்திய உலகின் கருத்து. மார்புப் புற்றுநோய் கண்டவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர்கள், கடும் ஈரல் நோயுள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் முதலியோருக்கு இது பொதுவாக ஆகாது. அத்தகையோருக்கு ஓமோன் அல்லாத மருந்துகளும், மனத்தைப் பழக்கும் சிகிச்சை முறைகளும் இருக்கின்றன. ஒருத்திக்கு உகந்தது இன்னொருத்திக்கு உகந்ததன்று. அயலவர் உண்ட மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டாம்.

இன்றைய பேச்சிலே மற்றவற்றை மறந்தாலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள். 12 மாதங்கள் மாதவிடாய் நின்ற பின்னர், மீண்டும் இரத்தம் பட்டால், அது ஒரு துளியேயானாலும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "விட்டது திரும்பி வந்திருக்கின்றது" என்று சொல்லிப் பழஞ்சேலைத் துண்டிலே மறைத்துவிடும் தாய்மார் பலர் இருக்கின்றனர். இப்படி இரத்தம் படுபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் புற்றுநோயன்று. எஞ்சிய ஒருவருக்கோ அது கருப்பைப் புற்றுநோயின் முதற் குறியாக இருக்கும். முதற் குறியிலேயே வந்தால் பெரும்பாலும் முற்றாகக் குணப்படுத்தலாம். கூச்சத்தினால் ஓராண்டு தாமதித்து வருபவரைக் காணும்போது, வைத்தியர்களுக்கு உண்டாகும் வேதனையைச் சொல்லி முடியாது.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நமது நாட்டிலே 1996ஆம் ஆண்டு தொடக்கம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளை ஒட்டிச் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அங்கே 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்கின்றார்கள். மார்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றையும் பார்க்கின்றார்கள். இதற்குக் கட்டணமில்லை. உங்கள் பிள்ளைப்பேற்றின்போது படலை திறந்து வந்த அதே மருத்துவமாதுவிடம் கேளுங்கள். நாளையும் இடத்தையும் சொல்லுவார்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். நள்ளிரவில் அவர் எழும்பிப் போய் இருந்தால், "என்ன செய்கின்றது?" என்று கேளுங்கள். யன்னலைத் திறந்துவிடுங்கள். விடியற்காலை அடுப்பை ஒரு நாளாவது நீங்கள் மூட்டுங்கள். "வயது போனால் இப்படித்தான்" என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.

அந்த ஆசிரியை மூன்று மாதங்களின் பின் மகளோடு வந்தார். பரிசோதனைகளில் வேறு நோய் இருக்கவில்லை. சிகிச்சையால் அனல் தணிந்து உறக்கம் திரும்பியிருந்தது. மகள் சொன்னாள்: "அம்மா ஏன் இரவிலே விறாந்தையிலே போய் இருக்கிறா என்று எங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாது, டொக்டர்." அந்தப் பெண்ணுக்கு வயது 22. அவளுக்கும் அந்தப் பருவம் வரும். அப்போது அவள் பயப்பட மாட்டாள். தாய் அவளுக்குச் சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இன்றே அந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.