கிணற்றடியில் ஒட்டகங்கள்

யாழ்ப்பாணக் குடாநாடு ஒட்டகம் வாழும் நிலம் அன்று. எனினும், 1840களில் பேர்சிவல் பாதிரியார் அங்கே ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியபோது, ஒட்டகத்துக்குப் புதுச்சொல் தேடவேண்டியிருக்கவில்லை. பெண்ணொட்டகத்தைப் 'பெட்டை' எனலாம் என்று தொல்காப்பியமே வகுத்திருந்தது.

சொல் இருந்தது, விலங்கு இல்லை. பொருள் எவ்வாறு விளங்கும்?

ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் ஊழியன் எசமானின் மகனுக்குப் பெண் தேடி, பத்து ஒட்டகங்களுடன் மாலைவேளையில் ஓர் ஊர்க் கிணற்றடியை அடைகின்றான். தனக்கு மட்டுமே நீர் கேட்கின்றான். ரெபெக்காளோ ஒட்டகங்களுக்கும் தானாகவே குடத்தால் மொண்டு வார்க்கின்றாள். தாகமுற்ற ஒட்டகமொன்று ஒரே தடவையில் ஏறத்தாழ 100 லீற்றர் நீர் குடிக்கவல்லது. பத்து ஒட்டகங்களுக்கு எத்தனை குடம், எத்தனை நடை!

வற்றாத ஆறு இல்லாத மண்ணிலே, துலா மிதித்து நீரிறைத்துத் தோட்டம் வளர்த்த மக்களுக்கு அவ்வுழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்றும் அவர்கள் சிந்தனைக்குரியது. பெண் தேடி வந்தவன் சீதனம் கேட்கவில்லை. வாயில்லாப் பிராணிக்கும் இரங்கும் மனத்தையே பார்த்தான். பொன்னணியும் அவனே கொடுத்தான்.